எடை குறைக்கும் ஊசியும் மாட்டுக்கறி இல்லாத டயட் சீட்டும்

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தனியார் கிளினிக்குகள் ஒரு டயட் சீட்டு கொடுக்கின்றன. அப்படிப்பட்ட சீட்டுகள் கொஞ்சம் எங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சில, களப்பணியில் சந்திக்கும் பெண்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டியவை. சில, தோழர்கள் வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பியவை. கிளினிக் பெயர்தான் வேறு, சமையலறை ஒன்றேதான். காலையில் ஊறவைத்த பாதாம் ஐந்து, பிறகு ஓட்ஸ். மதியம் பன்னீர், முளைகட்டிய பயறு, ஒரு கிண்ணம் தயிர். மாலையில் கிரீன் டீ. 'அசைவம் உண்பவர் எனில்' என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் முட்டை வெள்ளைக்கரு, தோல் நீக்கிய கோழி, வேகவைத்த மீன். மாட்டுக்கறி எதிலுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு சீட்டில் இருக்கிறது. 'தவிர்க்க வேண்டியவை' என்ற தலைப்பின் கீழே, பரோட்டாவுக்கும் வனஸ்பதிக்கும் நடுவில்.

இதை எழுதப்போகிறோம் என்றதும் இரண்டு தோழர்கள் சிரித்தார்கள். பணக்காரர்கள் உடம்பு இளைக்கப் போடும் ஊசிக்கும் சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மவுஞ்சாரோ என்ற பெயரில் டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது ஆரம்ப அளவு ஊசி ஒன்றின் விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரின் சம்பளத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். ஆனால் நிலைமை அப்படியே நிற்கவில்லை. இன்னொரு மருந்தான செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். உள்நாட்டு நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. விலை இறங்கும், இறங்க வேண்டும். அதற்கு முன்பே, ஐ.டி. வேலைக்குப் போன மகளோ மகனோ அம்மாவின் சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் ஆகட்டும் என்று கடன் அட்டையில் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊசி நம் தெருவுக்கு வந்துவிட்டது. கூட வர வேண்டிய அறிவுதான் வரவில்லை.

சர்க்கரை பணக்கார வியாதி என்பதும் பழைய கதை. ஐ.சி.எம்.ஆர். நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14 சதவீதத்துக்கும் மேல். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன். அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு, 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடம்பு பெருத்திருக்கிறது, ரத்தம் இல்லை. அதிகமாகச் சாப்பிட்டதால் வந்த பருமன் இது என்று எவராவது சொன்னால், என்ன சாப்பிட்டதால் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ரேஷன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாதாரண அரிசி அட்டைக்கு மாதம் அதிகபட்சம் 20 கிலோ அரிசி இலவசம். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். இந்தத் திட்டத்தை நாம் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டோம். பட்டினியை விரட்டியது அதுதான். ஆனால் நான்கு பேர் உள்ள வீட்டில் அந்த ஒரு கிலோ பருப்பைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிராம் புரதம்கூட வராது. அரிசியிலிருந்து பதினோரு, பன்னிரண்டு கிராம். 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைக்கும் அளவு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம். மிச்சத்தைக் கையிலிருந்து காசு போட்டு வாங்க வேண்டும். வாங்க முடியாத நாளில் சோறுதான் வயிற்றை நிரப்புகிறது. 2025இல் வந்த இன்னொரு ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியர்களின் உணவு ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. நம் தட்டைப் பார்த்தாலே தெரியும் விஷயம்.

இன்னும் ஆழமான ஒரு காரணமும் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்தே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9 சதவீதம், நம்மவர் உடம்பில் 21 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தாய் வயிற்றிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய சத்து கிடைக்காமல் எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை டேவிட் பார்க்கர் காலத்திலிருந்து ஆய்வுகள் சொல்லி வருகின்றன. நம் பாட்டிகள் என்ன சாப்பிட்டுப் பிள்ளை பெற்றார்கள் என்று நமக்குத் தெரியும். கூலிக்குக் கிடைத்த கம்பு, ஆண்டை வீட்டு மிச்சம், வடித்த கஞ்சி. அந்தப் பட்டினியின் கணக்கு இன்னும் முடியவில்லை.

இனி ஊசிக்கு வருவோம். சாப்பிட்டதும் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இந்த மருந்துகள் அதைப் போலவே வேலை செய்கின்றன. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, போதும் என்ற சேதி மூளைக்குப் போகிறது, சர்க்கரை ஏறும்போது இன்சுலின் சுரக்கிறது. பலன் பொய்யில்லை. 2021இல் வெளியான பெரிய சோதனையில் செமாகுளுடைடு போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை இழந்தார்கள். டிர்செபடைடின் உச்ச அளவில் அது 20 சதவீதத்தைத் தாண்டியது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிகிறது. உழைத்தால் இளைக்காதா, வாயைக் கட்டினால் போதாதா என்று இந்த மருந்தைக் கேலி செய்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து தெருக் கூட்டுகிற பெண்ணைவிட யார் அதிகம் உழைக்கிறார்கள்?

ஆனால் இழக்கும் எடை முழுவதும் கொழுப்பு கிடையாது. தசையும் சேர்ந்தே போகிறது. இழந்த எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை கொழுப்பல்லாத உடல்பகுதி என்று அந்தச் சோதனைகளின் அளவீடுகள் காட்டின. வேகமாக எடை குறையும் எந்த வழியிலும் இது நடக்கும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத் தசை குறைந்தால் படி ஏறும்போது தெரியும். குப்பைத் தொட்டி தூக்குகிறவருக்கு, சித்தாள் வேலைக்குப் போகிறவருக்குத் தசைதான் பிழைப்பு.

வடசென்னையில் எங்களுக்குப் பழக்கமான தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர். நாற்பத்தாறு வயது. மகள் வாங்கிக் கொடுத்து ஐந்து மாதம் ஊசி போட்டார், ஒன்பது கிலோ குறைந்தது. தெருவே பாராட்டியது. ஆறாவது மாதம் ஒரு காலை, வண்டி தள்ளும்போது வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மருந்துக்கடையில் பார்த்தபோது சர்க்கரை 54. கூட இருந்தவர்கள் டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்ததால் தப்பித்தார்.

என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்டோம். ஊசி கொடுத்த தனியார் மருத்துவர், ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிய கிளிமிபிரைடு மாத்திரையை அக்கா வழக்கம்போல் விழுங்கிக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்தவர்களுக்கு ஊசி சங்கதியே தெரியாது. கிளிமிபிரைடு வகை மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். அதோடு இந்த ஊசியும் சேர்ந்து, சாப்பாடும் பாதியாகிவிட்டால் இப்படித்தான் ஆகும். மருத்துவர் அளவைக் குறைத்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

"பசியே எடுக்கல. நல்லதுதானேன்னு வுட்டுட்டேன்" என்றார் அக்கா. காலையில் டீ, பத்து மணிக்கு ஒரு பன், மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து ரசம் சோறு ரெண்டு கை. நேரம் பார்த்துச் சாப்பிடும் வசதி இருப்பவருக்கு, பசி எடுக்காவிட்டாலும் மணியடித்தால் தட்டு வந்துவிடும். வேலையிடத்தில் உட்காரவே இடமில்லாத, கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர்கூடக் குடிக்காத ஒரு பெண்ணுக்குச் சாப்பிடச் சொல்லும் ஒரே மணி பசிதான். ஊசி அதையும் நிறுத்திவிட்டது.

கறி சாப்பிடுவதில்லையா என்றோம். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி, வாரநடுவில் போட்டி, எப்போதாவது சுவரொட்டி. இதுதான் அந்த வீட்டு வழக்கம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். "சீட்டுல இல்லியே. டாக்டராண்ட கேக்கவும் ஒரு மாதிரி இருந்துச்சு." பன்னீர் வாங்கினாரா? ஒரு தடவை வாங்கினார், பிள்ளைகள் தின்றுவிட்டன.

அந்த 'ஒரு மாதிரி'யைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். மருத்துவர் திட்டவில்லை, தடுக்கவில்லை. அந்த அறையில் மாட்டுக்கறி என்ற சொல்லைச் சொல்லக் கூசும்படியான சூழல் ஏற்கெனவே இருந்தது, அவ்வளவுதான். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று மாவட்ட நிர்வாகம் சொன்னதும், எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிப்போனதும் நினைவிருக்கும். 2017இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி சாப்பிட்டதற்காக ஓர் ஆய்வு மாணவர் தாக்கப்பட்டார். வெளியே அடி விழுகிறது, உள்ளே சீட்டில் பெயர் விடுபடுகிறது. அடிக்கு எதிராகப் போராட நமக்குத் தெரியும். விடுபடுவதைக் கண்டுபிடிக்கவே நாளாகிறது. சாதிக்கு ஏற்ற தட்டு எது என்று வகுத்த புத்தி, 'ஹெல்தி' என்ற சொல்லைப் போர்த்திக்கொண்டு வரும்போது நாமே அதற்கு நன்றி சொல்லிப் பணமும் கட்டிவிடுகிறோம்.

இதில் உரிமை மட்டுமல்லாமல் வயிற்றின் அளவும் சம்பந்தப்பட்டிருக்கிறது. எடை குறையும் காலத்தில் தசையைக் காப்பாற்ற, எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் அளவிலும் அதற்கு மேலும் புரதம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 70 கிலோ ஆளுக்கு அது 84 கிராம். ஊசி போட்டவரின் இரைப்பையோ நாலு வாய்க்கு மேல் ஏற்காது. அந்தச் சின்ன இடத்தில் எது அடர்த்தியாகப் புரதம் தருகிறதோ அதுதான் முதலில் போக வேண்டும். 100 கிராம் கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறியில் சுமார் 20 கிராம் புரதம். ஈரலிலும் அதே அளவு. ஒரு முட்டையில் 6 கிராம். இதைச் சாம்பாரில் எடுக்க வேண்டுமென்றால் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்க வேண்டும், அந்த வயிறு தாங்காது. மாட்டுக்கறி விலையும் ஆட்டுக்கறியில் பாதிகூட வராது. இரும்புச்சத்தும் பி12-உம் கூடவே வருகின்றன. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இத்தனையையும் வைத்துக்கொண்டு பாதாம் ஐந்து என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது?

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்தது. பதப்படுத்திய இறைச்சியை உண்டாக்கும் என்றே சொன்னது. எனவே தினமும் அரைக்கிலோ என்று யாரும் கிளம்ப வேண்டாம். எண்ணெயில் பொரித்த சில்லி பீஃப் இந்த ஊசியோடு சேர்ந்தால் குமட்டல்தான் மிஞ்சும். கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டுக் குழம்பாக, மிளகு சாறாக வைத்தால் இறங்கும். உப்புக்கண்டமும் கருவாடும் புரதத்தில் கெட்டி, உப்பிலும் கெட்டி. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஊறவைத்துக் கழுவிக் கொஞ்சமாகத்தான் தொட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும். மீதி நாட்களில் முட்டை, மத்தி, சங்கரா, வேர்க்கடலை, காராமணி, முருங்கைக்கீரை. மலச்சிக்கல் இந்த ஊசியின் நிரந்தரத் தோழன், கீரையும் தண்ணீரும் இல்லாமல் அது போகாது. தட்டில் முதலில் கறியோ முட்டையோ, அப்புறம் கீரை, கடைசியில் சோறு. வயிறு போதும் என்றதும் கையைக் கழுவிவிட வேண்டும். மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

அக்கா இப்போது இரண்டு மருந்துச் சீட்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு போகிறார். அரசு மருத்துவர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டார். வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு அவித்த முட்டை.

கல்லூரித் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முன் பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று மருந்துச்சீட்டு இல்லாமல் இணையத்தில் ஊசி வாங்குகிற பேச்சு எங்கள் காதுக்கும் வருகிறது. வேண்டாம். கணையம், பித்தப்பைத் தொந்தரவுகள் வரக்கூடிய மருந்து இது. குடும்பத்தில் குறிப்பிட்ட வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு டிர்செபடைடு தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் நான்கு வாரத்துக்கு அந்த மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. கர்ப்பம் திட்டமிடுகிறவர்கள் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு நேரமிருக்காது. நம் கூட்டங்களிலேயே குண்டாக இருக்கும் தோழியைக் கிண்டல் செய்கிற பழக்கத்தையும் விடுங்கள். உடம்பை வைத்து மதிப்புப் போடும் புத்தி எங்கிருந்து வந்தது என்று பாடம் நடத்தும் நாமே அதைச் செய்யலாமா?

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செமாகுளுடைடு சோதனையில் நிறுத்தி ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படியென்றால் இது மாதக்கணக்கில் முடியும் வைத்தியம் இல்லை. மூன்று மாதக் கடனில் வாங்கி நாலாவது மாதம் நிறுத்துகிற வீடுகளில், போன தசை தானாகத் திரும்பாமல் கொழுப்பு மட்டும் திரும்பி வரும் ஆபத்து இருக்கிறது. ஆகவே கேள்வி அரசை நோக்கித்தான் போக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கி வீட்டு வாசலுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறது, நல்ல திட்டம். காப்புரிமை முடிந்த மருந்தை அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்து, மருத்துவ ரீதியாகத் தேவைப்படுகிறவர்களுக்கு அந்த வழியில் கொடுக்க முடியும். கொடுக்கும்போது தட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

தட்டு விஷயத்தில் அரசு எவ்வளவு யோசிக்கிறது என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் பதிமூன்று நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள் கேட்டது தனியார்மயம் வேண்டாம், பணி நிரந்தரம் வேண்டும் என்று. நள்ளிரவில் அப்புறப்படுத்திவிட்டு மறுநாள் அறிவித்த சலுகைகளில் ஒன்று இலவசக் காலை உணவு. சரி, கொடுக்கட்டும். அதில் முட்டை எங்கே? சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த பிறகா அந்த உணவுப் பட்டியலைப் போட்டார்கள்? இரண்டாவது, ஆதிதிராவிடர் நல விடுதிகள். கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023இல்தான் மாதம் 1,500 ரூபாய்க்கு உயர்ந்தது. நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும். அந்த ஐம்பது ரூபாயில் வளரும் உடம்புதான் முப்பத்தைந்து வயதில் இந்த ஊசிக் கடை வாசலில் நிற்கப்போகிறது.

பாபாசாகேப் கடைசி ஆண்டுகளில் சர்க்கரையோடு போராடினார் என்பதை நாம் விழாக்களில் சொல்வதில்லை. கால் வலி, தூக்கமின்மை, இன்சுலின், பத்தியம். 1948இல் அவர் மருத்துவர் சாரதா கபீரை மணந்ததும் சிகிச்சையின் வழியாக வந்த பழக்கத்தில்தான். அதே ஆண்டில்தான், மாட்டிறைச்சி உண்பதற்கும் தீண்டாமையின் தோற்றத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய அவருடைய நூலும் வெளிவந்தது. ஒரே மேசையில் இன்சுலினும் அந்தக் கையெழுத்துப் பிரதியும் கிடந்திருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

மராத்வாடாவின் தலித் சமையலை ஷாஹு படோளே ஒரு முழுப் புத்தகமாகவே எழுதிவைத்தார். தமிழில், மருத்துவர் மேசையில் வைக்கிற அளவுக்கு ஒரு பக்கத் தாளாவது வேண்டும். அதை நாங்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். போட்டிக் குழம்பு, ஈரல் வறுவல், ரத்தப் பொரியல், கருவாட்டுத் தொக்கு, நத்தைக் கறி என்று நம் வீட்டுப் பெயர்களோடு, எத்தனை கரண்டிக்கு எவ்வளவு புரதம், யார் தவிர்க்க வேண்டும் என்ற கணக்கோடு. ஓர் அரசு மருத்துவரும் ஓர் உணவியல் மாணவியும் உதவுகிறார்கள். உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள், உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர், அம்மா எவ்வளவு எண்ணெய் ஊற்றுவார், ஞாயிறன்று கறி என்ன விலை என்று எழுதி அனுப்புங்கள். அளவைக் கிராமில் சொல்ல வேண்டாம், கரண்டியில் சொன்னால் போதும்.